ஊருணிப் பூங்காவின் கல்வெட்டு

சனிக்கிழமை காலை. செங்கோட்டை போகும் ரயில் ராஜபாளையத்தில் நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. இறங்கியதும் மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. உச்சியில் மட்டும் கொஞ்சம் மேகம் தங்கியிருந்தது. எங்கோ ஒரு மில்லில் சங்கு ஊதியது. நிலையத்துக்கு வெளியே சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார்.

இந்த ஊருக்கு நான் பலமுறை வந்திருக்கிறேன். எல்லாம் ஸ்டெல்லாவுக்காக. கடைசியாக வந்தது இரண்டு வருடத்துக்கு முன், அவளுடைய அடக்கத்துக்கு.

நானும் ஸ்டெல்லாவும் மதுரையில் ஒன்றாகக் கட்டடக்கலை படித்தவர்கள். நான் சென்னைக்குப் போய் வீடுகள் கட்டினேன். அவள் மேற்கொண்டு லேண்ட்ஸ்கேப் படித்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பினாள். கட்டடத்துக்கு வெளியே கிடக்கும் இடத்தை, அதாவது மரத்தை, தண்ணீரை, ஆட்கள் நடப்பதையும் உட்காருவதையும் திட்டமிடுகிற வேலை அது. ராஜபாளையத்தில் அப்படி ஒரு வேலை இருப்பது பலருக்குத் தெரியாது. "தோட்டம் போடுற அக்கா" என்றுதான் சொல்வார்கள். அவளும் அதைத் திருத்தியதில்லை.

இந்த முறை என்னை அழைத்தவர் அவள் கணவர் ஞானராஜ். ராஜபாளையத்து மில் குடும்பம் ஒன்று தன் அறக்கட்டளை மூலமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊருணிக்கரையில் ஒரு பூங்கா கட்டியிருந்தது. அதற்கு வரைபடம் போட்டவள் ஸ்டெல்லா. வேலை பாதியில் இருக்கும்போது அவள் படுத்துவிட்டாள். இப்போது பூங்கா முடிந்து, மூன்று வாரத்தில் திறப்பு விழா. கல்வெட்டில் ஸ்டெல்லாவின் பெயரைப் போடுவதாகச் சொல்லி அவர் சம்மதத்தைக் கேட்டிருந்தார்கள். "நீ ஒரு நடை வந்து பாத்துட்டுச் சொல்லும்மா, மல்லிகா. எனக்கு அந்தப் படம்லாம் பாக்கத் தெரியாது" என்றார் போனில். உடனே டிக்கெட் போட்டுவிட்டேன்.

நிலையத்திலிருந்து தென்காசி சாலையில் அவர் வீட்டுக்கு ஆட்டோ நூறு ரூபாய். ஓட்டுநருக்குச் சொந்த ஊர் சோழபுரம். சாலை அகலமானதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஓரத்துப் புளியமரங்களெல்லாம் போய்விட்டன, ஆனால் முன்பு போல விபத்து இல்லை என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அதில் எதை நினைத்து வருத்தப்படுகிறார், எதை நினைத்துச் சந்தோஷப்படுகிறார் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஓரிடத்தில் சாலையின் நடுத்தடுப்பில் வைத்திருந்த அரளிச் செடிகளுக்கு டேங்கர் லாரி தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனது. நடப்பவர்கள் இரண்டு ஓரத்திலும் வெயிலில் நடந்தார்கள்.

ஞானராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி இருந்தது. செருப்பு முதற்கொண்டு சுவரை ஒட்டி நேராக நின்றது. டீ போட்டுக் கொடுத்தார். கடையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், யோசிக்காமல் பெயரைப் போடச் சொல்லுங்கள் அப்பா என்று இரண்டு நாளாகப் போன் செய்கிறாளாம்.

"அவ சொல்றதும் சரிதான். ஆனா நான் கண்ணால பாக்காம எப்படிக் கையெழுத்துப் போட?" என்றார்.

பார்த்துவிட்டால் மட்டும் என்ன தெரியும் என்றும் அவரே சொல்லிக்கொண்டார். அவர் வடக்கே எல்லையில் இருந்த வருடங்களில் ஸ்டெல்லா இங்கே வேலை பார்த்தாள். லீவில் வரும்போது பிள்ளையும் சொந்தக்காரர்களும் கல்யாண வீடுகளுமாக நாள் ஓடிவிடும். அவள் என்ன வரைகிறாள் என்று ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. ஓய்வு பெற்று வந்த பிறகு கேட்கலாம் என்று இருந்தார். வந்த மூன்றாம் வருடம் அவள் போய்விட்டாள்.

பகல் பன்னிரண்டரை மணி. பஸ் ஏறும் முன் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும் என்று பக்கத்தில் ஒரு நூல் மில்லின் வாசலுக்குக் கூட்டிப்போனார். ஓய்வுக்குப் பிறகு அந்த மில்லில் அவர் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்திருக்கிறார். வாசலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு நாகலிங்க மரமும், அதைச் சுற்றி வட்டமாகப் புல்தரையும் இருந்தனவாம். மரத்தடியில் நாற்காலி போட்டுத்தான் டியூட்டி பார்ப்பாராம். அந்தத் தோட்டம் ஸ்டெல்லா போட்டது என்பது துக்கத்துக்கு வந்த மில் மேனேஜர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

"நான் தினமும் அந்த நெழல்ல உக்காந்துட்டு வந்து, இன்னைக்கு மில்லுல சௌரியமா இருந்துச்சுன்னு சொல்லுவேன். அவ சரிங்கன்னு கேட்டுக்கிடுவா. நான் வச்ச மரம்னு ஒரு வார்த்தை சொல்லல."

இப்போது அங்கே மரமும் இல்லை, புல்லும் இல்லை. கண்டெய்னர் லாரி திரும்புவதற்காக அந்த இடம் முழுவதும் கான்கிரீட் போட்டிருந்தார்கள். ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. கிளீனர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா போட்ட மற்ற தோட்டங்கள் என்னவாயின என்று நானும் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இரண்டு கல்யாண மண்டபங்களில் முன்புறத் தோட்டம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. ஒரு பண்ணை வீடு கைமாறிவிட்டது. பத்துப் பேர் வந்து உட்காரும் பொது இடமாக அவள் செய்தது இந்த ஊருணிக்கரை ஒன்றுதான். அதை அவரும் நினைத்திருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு தடவை திரும்பி மில் வாசலைப் பார்த்தார்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் எனக்குக் கட்டணமில்லாத சீட்டு. அவர் தன் சீட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் முழுவதும் தென்னந்தோப்பும் பிளாட் போட்ட நிலமும் மாறி மாறி வந்தன. பிளாட்டுகளின் முகப்பில் வளைவுகள், வளைவுக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் அலங்காரப் பனைகள். உள்ளே கல் நட்ட வெறும் தரை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, அதில் ஒன்றில் மகனுக்கு இடம் வாங்கியிருப்பதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பூங்காவுக்கென்று இடம் விட்டிருக்கிறார்களாம். பூங்கா வந்துவிட்டதா என்று கேட்டதற்கு, "போர்டு வச்சிருக்காவ" என்றார்.

கோபுரம் தெரிய ஆரம்பித்ததும் ஞானராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அந்த ஊருணிக்கரை எனக்குத் தெரியாத இடம் இல்லை. பூங்காவாக ஆவதற்கு முன் ஸ்டெல்லா என்னை அங்கே கூட்டிப்போயிருக்கிறாள். முள்ளும் குப்பையுமாக ஒரு சரிவு, அடியில் பச்சையாகத் தண்ணீர், மேலே சாலை. நாங்கள் போனது மதியம் மூன்று மணி இருக்கும். காலை ஷிப்ட் முடிந்த பெண்களை மில் வேன்கள் அங்கே இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து ஊர்களுக்குப் போகும் பஸ்ஸுக்காக அவர்கள் காத்திருப்பார்கள். பஸ் நாலு மணிக்கு முன்பின் வரும். அதுவரை நின்றுகொண்டே இருப்பார்கள். எட்டு மணி நேரம் மிஷினுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து மறுபடியும் நிற்பார்கள்.

"ஏட்டி, இதைப் பூங்கான்னு சொல்லாத. காத்துக் கெடக்குற எடம்னு சொல்லு" என்றாள் ஸ்டெல்லா. "இதுங்க உக்காரணும். மூணு மணி வெயில் மேல படக்கூடாது. அம்புட்டுதான் என் பிராஜெக்ட்."

அவள் போட்ட திட்டமும் அவ்வளவு எளிமையானதுதான். சாலையோரம் நீளமாக, தாழ்வாக ஒரு கல்சுவர். இரண்டு பக்கமும் உட்காரும் அளவுக்கு அகலம். பஸ்ஸைப் பார்ப்பவர்கள் சாலையைப் பார்க்க உட்காரலாம், களைத்தவர்கள் திரும்பித் தண்ணீரைப் பார்க்க உட்காரலாம். மேற்குப் பக்கம் இரண்டு வரிசைப் புங்கமரம், சாயங்கால வெயில் சுவரின் மேல் விழாதபடிக்கு. சுவரில் இருந்து தண்ணீர் வரை அகலமான படிகள். கேட் கிடையாது.

நானும் ஞானராஜும் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கேட் பூட்டியிருந்தது. உயரமான கேட், அதற்கு மேல் வளைவு, வளைவில் பளபளக்கும் எழுத்துகளில் பூங்காவின் பெயர். பக்கத்தில் விதிகள் எழுதிய பலகை: காலை ஆறு முதல் ஒன்பது வரை, மாலை நாலு முதல் எட்டு வரை. சாப்பாடு கொண்டுவரக்கூடாது, படுக்கக்கூடாது.

அறக்கட்டளையின் கட்டட வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் பிரபாகர் சாவியோடு வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஞானராஜைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ஸ்டெல்லா மேடத்திடம்தான் வேலை கற்றுக்கொண்டதாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது மரியாதைக்காக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

உள்ளே போனோம். தரை முழுவதும் சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக். நடுவில் ஒரு நீரூற்று, அதைச் சுற்றி சிமெண்ட் மான்கள். ஒரு மூலையில் உடற்பயிற்சிக் கம்பிகள். புங்கமரங்கள் இருக்க வேண்டிய மேற்குப் பக்கத்தில் ஊரின் பெயரை ஆளுயர எழுத்துகளில் நட்டு வைத்திருந்தார்கள், முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள. படிகள் இல்லை. ஊருணியைச் சுற்றி நேராகக் கான்கிரீட் சுவர் எழுப்பி, மேலே ஸ்டீல் கம்பி. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டித்தான் பார்க்க வேண்டும். ஓரங்களில் பாட்டில் போல அடிபருத்த பனைகள். அவற்றின் நிழல் அவற்றின் காலடியிலேயே கிடந்தது.

பிரபாகர் ஒவ்வொன்றையும் எதற்காக மாற்றினோம் என்று நான் கேட்காமலே சொன்னார். படிகள் இருந்தால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களே வந்து பயந்து சொன்னார்கள். கேட் இல்லாமல் விட்டால் ராத்திரியில் குடிக்க வந்து பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். இரண்டு மாதம் விட்டுப் பார்த்தார்கள், முடியவில்லை. புங்கமரம் பூவும் இலையுமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும், கூட்டுவதற்கு இருப்பது ஓர் ஆள். நீரூற்று, பணம் கொடுக்கும் பெரியவர் மைசூரில் பார்த்து ஆசைப்பட்டது. அவருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, அவரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

இதில் எந்தக் காரணமும் பொய் இல்லை. இதே காரணங்களைச் சென்னையிலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது அங்கே ஸ்டெல்லா இல்லை.

ஞானராஜ் பின்னால் நடந்து வந்தார். நீரூற்றைப் பார்த்தார். மான் ஒன்றின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சுற்று முடிந்ததும் பிரபாகர் வாட்ச்மேன் அறையின் பக்கம் எங்களைக் கூட்டிப்போய், சாக்கு போர்த்தியிருந்த ஒரு கல்லைத் திறந்து காட்டினார். கறுப்பு கிரானைட். பெரியவர் பெயர், குடும்பத்தார் பெயர்கள், அதற்குக் கீழே தனி வரியில், "வடிவமைப்பு: திருமதி ஸ்டெல்லா ஞானராஜ்". எழுத்துகளுக்குத் தங்க நிறம் பூசியிருந்தார்கள். நீங்கள் சரி என்றால் திங்கட்கிழமை பதித்துவிடலாம் என்றார்.

ஞானராஜ் குனிந்து அந்தக் கடைசி வரியை வாசித்தார். தன் பெயரும் அதில் இருப்பதை அப்போதுதான் கவனித்தார் போல. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. இது அவ போட்டதுதானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பிரபாகர் பக்கத்தில் நின்றார். பொழுதுபோக்குக்காகக் கேட்கிற கேள்வி இல்லை அது. மனைவியின் வேலையை முதன்முதலாகப் பார்க்க வந்த மனிதர் கேட்கிறார். அவரிடம் மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"இல்லண்ணே. அவ போட்டது இது இல்ல" என்றேன்.

பிரபாகர் சாக்கை மறுபடி கல்லின் மேல் இழுத்துவிட்டார். ஞானராஜ், "செத்த நேரம் வெளிய இருந்துட்டு வாரோம் தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெளியே வேன் வந்திருந்தது. பதினைந்து இருபது பெண்கள் சாலையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்திருந்தவர்கள் சிலர், டிபன் பையை நெற்றிக்கு நேரே பிடித்திருந்தவர்கள் சிலர். தலைமுடியில் பஞ்சுத் தூசி. நாங்களும் ஓரமாக உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இது அவளுடைய சுவர். அகலமும் தாழ்வும் ஓரங்களை மழுக்கியிருந்த விதமும் அவள் வரைந்தபடியே இருந்தன. முதலில் கட்டியது இதைத்தான். அப்போது அவள் நன்றாக இருந்தாள், தினமும் வந்து நின்று கட்ட வைத்தாள். பிறகு வந்தவர்கள் அதன் நடுவில் கம்பி வேலியை நட்டுவிட்டார்கள். உள்பாதி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காலியாகக் கிடந்தது. வெளிப்பாதியில் பெண்கள் முதுகில் கம்பி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

அதை ஞானராஜிடம் சொன்னேன். அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்து அழுத்தினார்.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கிறது. முருகேஸ்வரி என்று பெயர், கான்சாபுரம். யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னதும் அவள் முகம் மாறியது. அவளுக்கு ஸ்டெல்லாவை நினைவிருந்தது. டேப்போடு வந்து ஒரு வாரம் இவர்களோடு நின்றாளாம்.

"அவிய எங்க கால அளந்தாவக்கா. முட்டிக்குக் கீழ எம்புட்டுன்னு ஒவ்வொருத்தியா நிப்பாட்டி அளந்தாவ. என்னத்துக்குன்னு கேட்டா, உக்காந்தா கால் தொங்கக் கூடாதும்மான்னாவ. எங்களுக்கு ஒரே சிரிப்பு." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப எங்க இருக்காவ?" என்றாள்.

ஞானராஜ்தான் பதில் சொன்னார். அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பூங்கா திறந்த பிறகு உள்ளே போய் உட்காரலாமே என்று நான் அவளிடம் சொன்னேன். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று போர்டில் போட்டிருக்கிறதே, அதற்குள் எங்களுக்குப் பஸ் வந்துவிடும் என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். பஸ் நாலு மணிக்குச் சற்று முன்னால் வந்தது. எல்லோரும் ஒரே மூச்சில் எழுந்து ஓடினார்கள். சுவர் காலியானது.

நாங்கள் மறுபடி உள்ளே போனோம். பிரபாகர் நீரூற்றைப் போட்டு விட்டிருந்தார், எங்களுக்குக் காட்டுவதற்காக இருக்கலாம். தண்ணீர் எழும்பி விழும் சத்தத்தில் ஞானராஜ் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"தப்பா நெனைக்காதிய தம்பி. நல்லா இருக்கு, சுத்தமா இருக்கு. ஆனா அவ செய்யாததுக்கு அவ பேரு வேண்டாம்."

பிரபாகர் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கல்வெட்டில் வடிவமைப்பாளர் பெயர் போடும் வழக்கமே இல்லை என்றும், தான்தான் பெரியவரிடம் மூன்று தடவை போய்க் கேட்டு வாங்கியதாகவும் சொன்னார். "மேடத்துக்கு என்னால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான் சார்" என்றார். ஞானராஜ் அவர் தோளில் கை வைத்தார். நான் கேட் பக்கம் நடந்தேன்.

மாலை ஆறரை. கோயில் பக்கம் கூட்டிப்போய்ச் சென்னை வீட்டுக்கென்று கால் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்தார் ஞானராஜ். தொண்ணூறு ரூபாய், என்னைக் கொடுக்க விடவில்லை. எனக்கு ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே. நிலையத்தில் வெளிச்சம் குறைவு. மேற்கே மலையின் கோடு மட்டும் தெரிந்தது. இருவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் பூங்காவைப் பற்றிப் பேசவில்லை. காஷ்மீரில் ஒரு தோட்டத்தைப் பார்த்ததைச் சொன்னார். அதை ஸ்டெல்லாவுக்கு எழுதியதற்கு, அங்கே மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டு அவள் பதில் போட்டாளாம். அதைப் பார்க்கவில்லையே என்று எழுதினாராம். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றார்.

ரயில் வரும் அறிவிப்பு வந்ததும், "நான் சொன்னது சரிதானம்மா?" என்று கேட்டார்.

"சரிதாண்ணே" என்றேன். அப்போது எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

சிவகாசி தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. எதிர்ப் படுக்கையில் ஒரு குடும்பம் சப்பாத்திப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து, அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். முழுப் பூங்காவும் அவளுடையது இல்லை என்பது உண்மை. ஆனால் சுவர் அவளுடையது. அந்த ஒரு சுவருக்கு அவள் பெயரைப் போடச் சொல்லியிருக்கலாம். உள்ளே பளபளக்கும் கல்லில் வேண்டாம், வெளியே அந்தச் சுவரிலேயே, ஓரமாக, சின்னதாக ஒரு வரி. பிரபாகர் மறுத்திருக்க மாட்டார். இவ்வளவு எளிய விஷயம், அந்தச் சுவரின் மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றவில்லை. வரைபடத்தையும் கட்டி முடித்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என் புத்தி பழகியிருக்கிறது. எது மாறிவிட்டது என்று பார்த்தேன். எது மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லத் தெரிந்தது, அதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை.

போன் செய்தேன். அவர் ராஜபாளையம் போகும் பஸ்ஸில் இருந்தார். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பொறவு பேசுவோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இறங்கியதும் மறுபடி பேசினேன். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, பிரபாகரிடம் கேட்பதாகச் சொன்னார். கேட்கவும் செய்தார். ஆனால் அதற்குள் விஷயம் பெரியவரின் வீடு வரை போய்விட்டது. பெயர் வேண்டாம் என்று ஸ்டெல்லாவின் கணவரே சொல்லிவிட்டார் என்றதில் அங்கே கொஞ்சம் மனத்தாங்கல். இனிமேல் சுவருக்குத் தனியாக ஒரு கல் என்று போய்க் கேட்கப் பிரபாகருக்குத் தயக்கம். திறப்பு விழா முடியட்டும் சார் என்றிருக்கிறார்.

எங்கள் தெருமுனையிலும் ஒரு பூங்கா இருக்கிறது. அதற்கு வெளியே உள்ள பஸ் நிறுத்தத்தில் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மதியம் நிற்பார்கள். பல வருடமாக அந்த வழியாகப் போய்வருகிறேன். இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் அவர்கள் நிற்கிறார்கள் என்பது என் கண்ணில் பட்டது. உட்கார அங்கே எதுவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிச் சுவராவது இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு ஞானராஜ் அழைப்பில்லாமல் போயிருக்கிறார். மறுநாள் போனில் சொன்னார். கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தாராம். கல்வெட்டில் அந்த இடம் காலியாக விடப்படவில்லை. பனைகளும் நீரூற்றும் சப்ளை செய்த வெளியூர்க்காரர் ஒருவரின் பெயர், அதே வரியில், "வடிவமைப்பு" என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்ததாம். மேடையில் அவருக்குச் சால்வை போர்த்தினார்களாம். பேசியவர்களில் ஒருவர், வெளியே ஏழைப் பெண்கள் உட்காரக்கூடச் சுவர் கட்டிய அந்த நல்ல மனசைப் பாராட்டினாராம்.

நான் பொய் சொல்லியிருந்தால் அவள் பெயர் அங்கே இருந்திருக்கும் என்றேன்.

"நீ என்னம்மா செய்வ? நான் கேட்டதுக்குத்தான நீ சொன்ன" என்றார்.

பிறகு, விழா முடிந்து எல்லோரும் உள்ளே போன நேரத்தில் தான் வெளியே வந்து சுவரில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கால் தொங்கல. தரையில நல்லாப் படுது. வெயிலுதாம்மா, நேரா மூஞ்சியில அடிக்கி."